ஆட்டம் முடிந்து விசில் எடுக்கும்போது: நெல்லைச் சீமைக் கால்பந்து வீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கிலும் சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்கள், அவர்களைக் கூட்டிவந்து ஓரமாக நிற்கிற அப்பா அம்மாக்கள், உவரி, இடிந்தகரை, மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் ஆடி முடித்த அண்ணன்மார் எல்லோரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஆட்டம் எத்தனை வருஷம் ஓடும், அப்புறம் என்ன செய்ய, கோச் ஆகணும்னா எங்கே போகணும். மாவட்ட அளவில் ஆடிவிட்டுப் பயிற்சியளிக்க வந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பயிற்சியாளர் வேலை என்பது ஆட்டம் முடிந்ததும் தானாக வந்து சேரும் பதவி என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். அது தனித் தொழில். ஆடிக்கொண்டிருக்கும்போதே படிக்கத் தொடங்கவேண்டிய தொழில். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த நினைப்பை மாற்றத்தான்.

நன்றாக ஆடியவர்தானே நல்ல கோச் ஆக முடியும், அண்ணாச்சி?

ஆடிய அனுபவம் பெரிய சொத்து, அதில் சந்தேகமே இல்லை. பெனால்டி அடிக்கப் போகிறவனுக்கு வயிறு என்ன பாடு படும் என்பது அடித்தவருக்குத்தான் தெரியும். ஆனால் உலகக் கோப்பையை வீரராகவும் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் மூன்றே பேர். பிரேசிலின் மரியோ சகாலோ 1958லும் 1962லும் வீரராக வென்று 1970ல் பயிற்சியாளராக வென்றார். ஜெர்மனியின் ஃப்ரான்ஸ் பெக்கன்பவருக்கு 1974, 1990. பிரான்ஸின் திதியே தெஷாமுக்கு 1998, 2018. இத்தனை காலத்தில் இவ்வளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். இத்தாலியின் அரிகோ சாக்கி தொழில்முறையாக ஆடியதே கிடையாது, அப்பாவின் செருப்புத் தொழிலில் விற்பனையாளராக இருந்தவர். அவர் பயிற்சியில்தான் ஏ.சி. மிலான் 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. நம் நாட்டிலேயே ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வந்தவை. இந்திய அணி அதற்குப் பிறகு அந்த உயரத்தைத் தொடவில்லை.

ஏன் இப்படி? திறமையான ஆட்டக்காரருக்கு அவருடைய திறமை உடம்பில் இருக்கிறது, வாயில் இல்லை. நல்ல விங்கர் ஒருவரிடம் "டிஃபெண்டரை எப்படித் தாண்டுறீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். "அப்படியே வெட்டிட்டுப் போகணும்ல" என்பார். அவருக்கு அது போதும். பத்து வயதுப் பையனுக்குப் போதாது. பந்து வருமுன் தோளைத் திருப்பிப் பார்த்தானா, முதல் தொடுதலில் பந்தை எந்தப் பக்கம் வைத்தான், டிஃபெண்டரின் எந்தக் காலில் பாரம் இருக்கும்போது நகர்ந்தான் என்று பிரித்துச் சொல்லத் தெரியணும். ஆட்டக்காரர் தன் இடத்திலிருந்து ஆட்டத்தைப் பார்க்கிறார். பயிற்சியாளர் இருபத்திரண்டு பேரையும், பந்து இல்லாத இடத்தையும் பார்க்கிறார்.

நான் கவனித்தவரையில், நடுக்களத்தில் ஆடியவர்களும் வெளியே பெஞ்சில் அதிகம் உட்கார்ந்தவர்களும் இந்தப் பார்வையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பெஞ்சில் உட்கார நேர்ந்ததை நினைத்து வருந்துகிற தம்பிமாருக்கு இதைச் சொல்ல ஆசை. அந்த நேரத்தில் நீங்கள் பார்த்ததெல்லாம் பின்னால் உதவும்.

ஆட்டக்காரர் வாழ்க்கை எத்தனை வருஷம்? கோச்சிங் பற்றி எப்போது யோசிக்கணும்?

பதினெட்டு வயதில் தொடங்கினால் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வரை ஓடலாம். கோல்கீப்பருக்கு இன்னும் கொஞ்சம் கூட. இது காயம் இல்லாமல் போனால். முழங்காலில் ஏ.சி.எல். என்கிற முன்புறத் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். நம் பக்கம் பலர் சரியாகப் பார்க்காமல், வீக்கம் வடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள். அதோடு முடிந்துபோகிறது.

முழங்கால் ஆட்டத்தை முடித்துவைத்த பிறகு பயிற்சியாளராக உயர்ந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் 1962 டிசம்பரில் காயம்பட்ட பிறகு பழையபடி ஆட முடியவில்லை. முப்பது வயதில், 1965ல், ஹார்ட்டில்பூல்ஸ் என்கிற சின்ன கிளப்பில் மேனேஜராகத் தொடங்கினார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அவர் கையில். ஜெர்மனியின் யூலியன் நாகல்ஸ்மான் இருபது வயதில் ஆட்டத்தை விட்டவர், இருபத்தெட்டு வயதில் ஹோஃபன்ஹைம் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்.

காயம் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் சீசன் எப்போது என்றே தெரியாமல் போனபோது, பெங்களூரு எஃப்.சி. வீரர்கள் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. நாட்டின் உச்ச லீக்கில் ஆடுகிறவருக்கே இந்த நிலை என்றால், கீழே ஆடுகிறவர் ஒரே காலில் நிற்கக் கூடாது. என் பதில் இதுதான்: இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் முதல் பயிற்சியாளர் உரிமத்தை எடுத்துவிடுங்கள். அதனால் ஆட்டம் கெடாது. இடைவெளி எங்கே திறக்கிறது என்று பயிற்சியாளர் கண்ணால் பார்க்கப் பழகியவர் ஆட்டக்காரராகவும் தேறுவார்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டு தொழில்முறை ஆட்டக்காரர் ஆக முடியுமா?

இங்கிருந்து தொடங்கலாம். இங்கேயே இருந்து ஆக முடியாது. நம் சீமையில் தொழில்முறை கிளப் இல்லை. பள்ளி அணியில் ஆடி பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று வெளியே தெரியவேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குத் தேர்வு நடக்கும், அதைத் தவறவிடக் கூடாது. அப்புறம் பாளையங்கோட்டைக் கல்லூரிகள், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி. அங்கிருந்து சென்னை லீக். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை மாதிரியான அணிகள் ஆடும் அந்த லீக்கில்தான் பெரிய கிளப்காரர்கள் கண்ணில் படுவீர்கள்.

பக்கத்துக் குமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை ஆடி இந்திய அணிக்கும் போனார். கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த கால்களுக்கு ஒரு பலம் உண்டு. நம் கடற்கரையிலும் அதே மணல்தான். தேரிப் பக்கத்துச் செம்மண் தரையில் ஆடுகிறவர்களுக்கு வேறொரு பழக்கம் வரும்: பந்து எப்படி எகிறும் என்று தெரியாததால் முதல் தொடுதலைக் கவனமாக எடுப்பார்கள். புல் தரைக்குப் போகும்போது மட்டும் பாஸின் வேகத்தைக் கூட்டப் பழகணும்.

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் பல பத்தாண்டுகளாக மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியப் போட்டி நடத்திவருகிறது. வெளிமாநில அணிகள் நம் வீட்டு வாசலில் வந்து ஆடும். பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். டிவியில் பார்ப்பதைவிட அது பத்து மடங்கு பாடம்.

லைசன்ஸ், லைசன்ஸ் என்கிறார்களே, அது என்ன?

பயிற்சியாளர் உரிமம். இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதாவது ஏ.ஐ.எஃப்.எஃப்., இதை நடத்துகிறது. அடிப்படைப் படி டி லைசன்ஸ். பதினெட்டு வயது முடிந்தவர்கள் சேரலாம், ஏறக்குறைய ஒரு வாரப் படிப்பு. அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பான ஏ.எஃப்.சி.யின் சி, பி, ஏ, கடைசியாக ப்ரோ. ஒவ்வொரு படிக்கும் நடுவே நீங்கள் உண்மையிலேயே ஓர் அணிக்குப் பயிற்சியளித்திருக்க வேண்டும். டி முடித்துவிட்டு வீட்டில் இருந்தால் மேலே போக முடியாது. ப்ரோ படிப்பு பல கட்டமாக நீளும். ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ப்ரோ அல்லது அதற்கு இணையான உரிமம் கட்டாயம்.

டி லைசன்ஸில் வகுப்பறைப் பாடம் குறைவு, மைதானம் அதிகம். குழந்தைகளுக்குப் பயிற்சியை எப்படி அமைப்பது, எப்படி விளக்குவது, எப்போது ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவது, எப்போது வாயை மூடிக்கொள்வது. கடைசியில் சொன்னதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். நீங்களே ஒரு பயிற்சியை நடத்திக் காட்டவேண்டும், அதை வைத்துத்தான் மதிப்பெண்.

வகுப்பு எங்கே, எப்போது, கட்டணம் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஏ.ஐ.எஃப்.எஃப். இணையதளத்தையும் மாநிலச் சங்க அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

என்.ஐ.எஸ்., பி.பி.எட்., லைசன்ஸ்: எதைப் படிக்க?

மூன்றும் மூன்று கதவு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆகணும் என்றால் பி.பி.எட். வேண்டும். திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920லிருந்து இருக்கிறது. அரசு விளையாட்டு ஆணையங்களில் பயிற்சியாளர் வேலைக்கு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின், அதாவது என்.ஐ.எஸ்.ஸின், பட்டயத்துக்கு மதிப்பு. கால்பந்துப் பட்டயம் கொல்கத்தா மையத்தில் நடக்கிறது. கிளப்பில் வேலைக்கு லைசன்ஸ்.

பெற்றோர் கேட்டால் நான் சொல்வது: பி.பி.எட். படியுங்கள், படிக்கும்போதே டி லைசன்ஸை முடித்துவிடுங்கள். நம் மாவட்டங்களில் கால்பந்து உயிரோடு இருப்பதற்குப் பள்ளி பி.டி. வாத்தியார்கள்தான் காரணம். காலை ஆறு மணிக்குப் பந்துப் பையோடு வந்து நின்ற ஒருவராவது நம் ஒவ்வொருவர் கதையிலும் இருப்பார். அந்த வேலையைச் சின்னதாக நினைக்கவேண்டாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. லைசன்ஸ் வகுப்பில் முழிப்பேனா?

இந்தப் பயத்தினாலேயே போகாமல் இருந்துவிட்ட நல்ல ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும், அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் அடிப்படை வகுப்புகளில் தமிழ் தெரிந்த பயிற்றுநர்கள் இருப்பார்கள், சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கலாம். மைதானத்தில் புழங்கும் சொற்கள் எல்லாம் ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்தவை: பிரஸ், கவர், சப்போர்ட், ஸ்விட்ச், ஃபர்ஸ்ட் டச். மேல்படிகளுக்குப் போகும்போது ஆங்கிலம் தேவைப்படும். பி லைசன்ஸ் வரை வர எப்படியும் சில வருஷம் ஆகும், அதற்குள் தினமும் கொஞ்சம் படித்தாலே போதும். கால்பந்து வர்ணனையை ஆங்கிலத்தில் கேட்பது நல்ல பழக்கம்.

கேரளாவில் செவன்ஸ் ஆடினால் ஒரு ராத்திரிக்கே கைநிறையக் காசு. அதை விட்டுட்டு டி லைசன்ஸா?

ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மலபார் பக்கம் பெரிய திருவிழா. கேலரி நிறைந்த கூட்டத்துக்கு நடுவே ஆடுவது தனி உற்சாகம், அதைக் குறை சொல்லமாட்டேன். காசு தேவைப்படுகிற வீட்டுப் பையனிடம் போகாதே என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலான செவன்ஸ் போட்டிகள் கால்பந்துச் சங்க அங்கீகாரத்துக்கு வெளியே நடப்பவை. அடிபட்டால் சிகிச்சைச் செலவு உங்கள் தலையில்தான். சங்கத்தில் பதிவு செய்த வீரர் அங்கே ஆடினால் சிக்கல் வரலாம். தொடர்ந்து இரவு இரவாக ஆடுகிற முழங்கால் சீக்கிரம் தேயும். போகிறவர்கள் அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து வைத்து லைசன்ஸ் கட்டணம் கட்டுங்கள். இதை நான் பலரிடம் மன்றாடியே கேட்டிருக்கிறேன்.

வங்கி, ரயில்வே வேலை கிடைத்தால் எடுக்கவா, முழுநேரக் கோச்சிங் பண்ணவா?

எடுங்கள். தயங்கவே வேண்டாம். தமிழ்நாட்டுக் கால்பந்தை இத்தனை காலம் தாங்கியவை நிறுவன அணிகள்தான். சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் இருந்ததால்தான் பலர் முப்பது வயதுக்கு மேலும் நிம்மதியாக ஆடினார்கள், அப்புறம் பயிற்சியாளர் ஆனார்கள்.

சையத் சபீர் பாஷா நல்ல உதாரணம். இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய ஃபார்வர்ட். வங்கி அணிக்கே பயிற்சியாளர் ஆனார். ப்ரோ லைசன்ஸ் வரை படித்தார். சென்னையின் எஃப்.சி.யில் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்குத் துணையாகப் பல வருஷம் இருந்தார். 2022ல் தலைமைப் பயிற்சியாளர் சீசன் நடுவே விலக்கப்பட்டபோது இடைக்காலப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அந்தப் பொறுப்புக்கான தகுதி அன்றைக்குத் திடீரென்று வந்ததில்லை, பல வருஷம் முன்பே சேர்த்து வைத்தது.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தேசிய, மாநில அளவில் ஆடிய சான்றிதழ்கள் தேவை. சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். போட்டி முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள், பிறகு அலைய முடியாது.

நேற்றுவரை கூட ஆடியவர்கள் இன்று என் பேச்சைக் கேட்பார்களா?

கேட்கமாட்டார்கள், முதலில். நம் ஊரில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அணியில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மாமா மகனை வெளியே உட்கார வைத்தால் அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அத்தை கேட்பார். கூட ஆடிய மூத்தவர் "நான் பாத்து வளந்த பய, எனக்கே சொல்லித் தாரான்" என்பார்.

ஜெர்மனியின் யூர்கன் க்ளாப்புக்கு இது நடந்தது. மைன்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை 2001 பிப்ரவரியில் அப்படியே பயிற்சியாளர் ஆக்கினார்கள். கூட ஆடிய நண்பர்களை வைத்தே அந்த சீசனில் அணியைக் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் காப்பாற்றினார்.

எனக்குத் தெரிந்த வழி இரண்டு. முதலாவது, யார் ஆடுவார் யார் ஆடமாட்டார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அவரவரிடம் தனியாக, காரணத்தோடு சொல்வது. பெயர்ப் பட்டியலைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு நழுவக் கூடாது. இரண்டாவது, முதல் வேலையைச் சொந்த ஊர் சீனியர் அணியில் எடுக்காமல், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் எடுப்பது. பையன்கள் உங்கள் பழைய ஆட்டத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்வது புரிந்தால் செய்வார்கள், புரியாவிட்டால் வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்பது அங்கேதான் உடனே தெரியும்.

சின்னப் பையன்களுக்கு எதிலிருந்து தொடங்கணும்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன். நம் சீமையில் கால்பந்து வளராததற்கு மைதானக் குறையைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை முறையாகச் சொல்லித்தர ஆளில்லாதது. பந்தோடு பழக்கம் ஏறுகிற வயது அது. அதைத் தவறவிட்டுப் பதினாறு வயதில் வருகிறவனுக்கு ஓட்டம் கற்றுத்தரலாம், பந்தைத் தொடும் விதத்தை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

முதலில் வரிசையை ஒழியுங்கள். இருபது பேர் வரிசையில் நின்று ஒருத்தர் பின் ஒருத்தராகக் கோலுக்கு அடிக்கிற பயிற்சியில் ஒரு பையன் முக்கால் மணி நேரத்தில் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணிப்பாருங்கள். அதே இருபது பேரை நாலு நாலு பேராகப் பிரித்துச் சின்னச் சதுரங்களில் ஆடவிட்டால் எல்லோர் காலிலும் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு வயதுக்குக் கீழே நாலு பேர் ஆட்டம், பிறகு ஏழு பேர், ஒன்பது பேர், பதின்மூன்றுக்கு மேல் பதினோரு பேர். பெரிய மைதானத்தில் பத்து வயதுப் பையன்களைப் பதினோரு பேராக இறக்கினால் கால் நீளமானவன் ஜெயிப்பான், மூளை உள்ளவன் பந்தே கிடைக்காமல் வீட்டுக்குப் போவான்.

பந்து அளவைக் கவனியுங்கள். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண், பன்னிரண்டு வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5. நம் பக்கம் எல்லோருக்கும் 5ஆம் எண் பந்துதான், ஏனென்றால் கிளப்பில் இருப்பது அது ஒன்றுதான். நன்கொடை தர வருகிறவர்களிடம் ஜெர்ஸி கேட்காமல் 4ஆம் எண் பந்து பத்து கேளுங்கள்.

தலையால் முட்டுவதைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தராதீர்கள். அமெரிக்காவில் பத்து வயது வரை அதற்குத் தடை இருக்கிறது. இங்கிலாந்தில் 2020 முதல் பதினோரு வயது வரை பயிற்சியில் தலைமுட்டு கிடையாது. மூளை வளரும் வயது, அவ்வளவுதான் விஷயம்.

வெயில். பாளையங்கோட்டை வெயிலை நான் விவரிக்கத் தேவையில்லை. கோடை முகாமைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் எடுக்கிறதா என்று கேட்காமல். "தண்ணி குடிச்சா வயிறு பிடிக்கும்" என்று பழைய ஆட்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். தண்ணீர் கொடுக்காமல் ஓடவிட்டால் பையன் உறுதியானவன் ஆகமாட்டான், மயங்கி விழுவான்.

பெண் பிள்ளைகள் இந்த வழியில் வர முடியுமா?

தமிழ்நாட்டுக் கால்பந்தின் பெரிய வெற்றிகளில் முக்கியமானவை பெண்களுடையவை. தேசிய சீனியர் மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு 2018லும் 2023லும் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2018–19 இந்தியன் மகளிர் லீக்கை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் அம்ருதா அரவிந்த் என்கிற பெண். அடுத்த சீசனில் கோகுலம் கேரளா வென்றபோதும் பயிற்சியாளர் ஒரு பெண்தான், பி.வி. பிரியா. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருப்பவர்.

நெல்லையில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள் என்றால், அங்கே ஓர் அக்கா விசிலோடு நிற்கிறாரா என்பது பெரிய வித்தியாசம். பெண் பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் அம்மாக்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளையும் கேட்பார்கள். அதனால் கல்லூரி அணியில் ஆடும் பெண்களிடம் நான் கேட்டுக்கொள்வது, மூன்றாம் வருஷம் முடிவதற்குள் டி லைசன்ஸுக்கு விண்ணப்பியுங்கள். திருமணத்துக்குப் பிறகு ஆட முடியாமல் போனவர்கள்கூட பயிற்சியாளராகத் திரும்பி வரலாம்.

வயதைக் குறைத்துப் பதிவு பண்ணச் சொல்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே?

வேண்டாம். பதினேழு வயதுப் பையன் பதினான்கு வயதுப் போட்டியில் ஆடினால் கோப்பை வரும், உடம்பு பலத்தால். அந்த மூன்று வருஷத்தில் அவன் கற்கவேண்டியதை எதையும் கற்கமாட்டான், ஏனென்றால் தேவைப்படாது. அவனால் வெளியே உட்கார்ந்த நிஜப் பதினான்கு வயதுக்காரன் ஆட்டத்தையே விட்டுவிடுவான். ஏ.ஐ.எஃப்.எஃப். பதிவு இப்போது ஒரே இணையவழி முறையில் நடக்கிறது. ஒருமுறை போன பிறந்த தேதி கூடவே வரும், எலும்புப் பரிசோதனையும் செய்கிறார்கள். இப்படிச் செய்யச் சொல்கிற பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கிளப்பைச் சங்கத்தில் பதிவு செய்வதால் என்ன லாபம்?

போட்டிகளில் நுழைவு ஒன்று. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் ஒப்பந்தம் முடியுமுன் பணம் கொடுத்து வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரைப் பன்னிரண்டிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். மாற்றுத்தொகை ஒரு கோடி என்றால் 5 லட்சம் இப்படிப் பிரியும். பதினைந்து வயதுக்குள் உங்களிடம் ஆடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 ஆயிரம், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 ஆயிரம். ஆனால் அந்த வீரர் உங்கள் கிளப்பில் இருந்தார் என்று முறையாகப் பதிவாகி இருக்கவேண்டும். டீக்கடைப் பெஞ்சில் "எங்க பய அவன்" என்று சொன்னால் பத்து பைசா வராது.

கோச் வேலையில் நிலையான சம்பளம் உண்டா? தூக்கிவிட்டால் என்ன செய்ய?

பள்ளி, அரசு வேலைகளில் உண்டு. அகாடமிகளில் மாதச் சம்பளம், மணிக்கணக்கு என்று இரண்டும் இருக்கிறது. கிளப்பில் ஒப்பந்தம்தான், தோற்றால் போகவேண்டியதுதான். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டே இந்தத் தொழிலுக்கு வரணும்.

காலித் ஜமீல் வந்த வழியைச் சொல்கிறேன். மிட்ஃபீல்டர், காயங்களால் ஆட்டம் சுருங்கியது. 2009ல் முப்பத்திரண்டு வயதில் மும்பை எஃப்.சி.க்குப் பயிற்சியாளர். பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அந்த அணியை ஏழு வருஷம் கீழே இறங்காமல் காத்தார். அங்கிருந்து வெளியேறி மிசோரத்தின் ஐஸால் எஃப்.சி.க்குப் போனார். முந்தைய சீசனில் தரமிறங்கி, சில கிளப்புகள் விலகியதால் மறுபடி சேர்க்கப்பட்ட அணி அது. அதை வைத்து 2016–17 ஐ–லீக் பட்டத்தை வென்றார். 2021ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில், ஐ.எஸ்.எல். அணி ஒன்றின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர். 2025 ஆகஸ்டில் இந்திய அணி. அடுத்த மாதமே மத்திய ஆசியக் கூட்டமைப்பின் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு போனது. பாராட்டும் திட்டும் ஒரு மாத இடைவெளியில் வந்தன.

இதில் நான் பையன்களுக்குச் சுட்டிக்காட்டுவது அந்த ஏழு வருஷத்தை. கோப்பை இல்லாத, யாரும் எழுதாத வருஷங்கள். ஐஸாலில் வென்ற முறை அங்கேதான் உருவானது.

சரி அண்ணாச்சி, நாளைக்கே தொடங்கணும்னா என்ன செய்ய?

ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் ஆடும் அணியின் பயிற்சியில் இன்று என்ன செய்தார்கள், எதற்காக, எது வேலை செய்தது என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். உங்கள் பழைய பள்ளிக்குப் போய் பி.டி. வாத்தியாரிடம் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் சின்னப் பையன்களைக் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார். சம்பளம் எதிர்பார்க்கவேண்டாம், சி லைசன்ஸுக்கு அந்த அனுபவம்தான் தேவைப்படும். மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். நடுவர் தேர்வு நடந்தால் அதையும் எழுதுங்கள், விதிகள் தெரியாமல் கத்துகிற பயிற்சியாளர்கள் நமக்கு ஏற்கனவே நிறைய இருக்கிறார்கள். முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும் போய்ச் சேருங்கள்.

ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். லைசன்ஸ் விண்ணப்பம் எழுத்துப் பிழையால் நின்றுபோனால், அடுத்த வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.